ரோமாபுரிக்குப் போன வாக்கியம்

அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசியதே இல்லை. வாயைத்தான் பார்ப்பார். பழகிய புதிதில் எனக்கு அது பெரிய சங்கடம். காலையில் சாப்பிட்ட மிளகாய்ப்பொடி பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நாக்கால் துழாவிக்கொள்வேன். பிறகு, மனிதருக்குக் காது மந்தம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார் போலும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். உரியவரிடம் விவரம் கேட்காமலே முடிவுக்கு வருவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அரசுத் துறை ஒன்றில் சார்புச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன்.

காது அவருக்கு நன்றாகத்தான் கேட்டது. தேவைக்கு மேலேயே கேட்டது.

மயிலாப்பூர் லஸ் பக்கத்துப் பூங்காவில், நடந்து முடித்துவிட்டு வியர்வை ஆற உட்காரும் சிமெண்டு பெஞ்சில்தான் பழக்கம் ஏற்பட்டது. ஆங்கிலப் படங்களைத் தொலைக்காட்சிக்காகத் தமிழ் பேச வைப்பது அவர் தொழில். எல்லாப் படமும் அல்ல. பழைய ரோமாபுரிப் படங்கள். வாள், குதிரை, தேர்ப் பந்தயம், அரங்கத்தில் சிங்கம், அடிமைகளின் கலகம், வெள்ளைத் துணி போர்த்திய கிழவர்கள் தூண்களுக்கு நடுவே கூடி நின்று ஒருவனைக் கவிழ்ப்பது. அந்த வகைப் படம் வந்து இறங்கினால் சாலிகிராமத்து டப்பிங் கம்பெனிகள் இவரைத்தான் தேடும். மற்றவர்கள் எழுதினால் ரோமானியர்கள் புராண நாடகத்தில் பேசுவது போலப் பேசுவார்கள். இவர் எழுதினால் மந்தைவெளி பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் போலப் பேசுவார்கள்.

"வெள்ளக்காரன் உதட்டை மூடற இடத்துல நம்மாளும் மூடணும் சார். அவ்ளோதான் தொழில்" என்று ஒருநாள் விளக்கினார். "ப, ம. இந்த ரெண்டு எழுத்துதான் எனக்குச் சோறு போடுது. மத்ததெல்லாம் ஊறுகா."

உதடு ஒட்டாமலே செய்யுள் பாடிக் காட்டிய புலவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள், இதழகல் என்று அதற்குப் பெயர் என்று நான் என் படிப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டேன்.

"அவங்களுக்கென்ன சார். எதிர்ல ஒரு முகம் இல்ல" என்றார்.

வசனத்தை யோசித்து எழுதக் கூடாது என்பது அவர் கொள்கை. யோசித்து எழுதினால் காகித வாசனை வரும். யாராவது, எங்காவது, உண்மையாகச் சொன்னதாக இருக்க வேண்டும். அதனால் போகிற இடமெல்லாம் மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எதையும் எழுதிவைத்துக்கொள்ள மாட்டார். கேட்டது அப்படியே உள்ளே போய் எங்கோ உட்கார்ந்துகொள்ளும். என்றைக்கோ ஒருநாள் ஒரு ரோமானியன் வாயைத் திறக்கும்போது அது வெளியே வரும்.

மாட வீதி ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு ஓட்டுநரைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்தியபோது இவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். "இத்தினி வண்டி போய்க்கினு கீது, என் வண்டிதான் உன் கண்ல படுதா சார்?" என்று அந்த ஓட்டுநர் அலுத்துக்கொண்டார். பல மாதம் கழித்து, டீக்கடைத் தொலைக்காட்சியில், புழுதி பறக்க ரதத்தை ஓட்டிவந்த ஒருவன் கோட்டை வாசலில் கவசம் போட்ட காவலனைப் பார்த்துச் சொன்னான்: "இத்தனை வண்டி போகிறது, என் வண்டிதான் உன் கண்ணில் படுகிறதா?"

"யோவ், அது நான் பேசனதுயா" என்று ஓட்டுநர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"மூடு நைனா. உன்னெ எவன் ரோமாபுரிக்கு இட்டுக்கினு போனான்?" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். இவர் மூலையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் ஸ்டாண்டே அவரைக் கொண்டாடியது. அதன்பின் அவர் எங்கே போக ஏறினாலும் அந்த ஓட்டுநர் மீட்டருக்கு மேல் கேட்டதில்லை. மயிலாப்பூரில் இதைவிடப் பெரிய விருது கிடையாது.

குளக்கரையில் பூ விற்கும் அம்மாளுக்கும் இப்படி ஒரு யோகம் அடித்தது. "சாமிக்குப் போற பூவுயா அது, மோந்து பாக்காத" என்று யாரையோ அதட்டியது, ரோமாபுரிச் சந்தையில் ஒரு பெண் ஒரு சிப்பாயை அதட்டும் வசனமாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த அம்மாள் அவரைக் கண்டால் முழம் போடும்போது கையை இன்னும் கொஞ்சம் நீட்டுவாள். "இன்னாப்பா, இப்ப என்னெ எந்த ஊர்ல உட்டு வச்சிருக்க?" என்பாள்.

"எகிப்துல, ஆயா. நல்ல யாவாரம்" என்பார்.

ரோமுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது, முகவரிச் சான்றுக்கு எதை வைப்பது, போலீஸ் விசாரணைக்கு வருகிறவரிடம் என்ன பேசக்கூடாது என்பது வரை சொல்லிக்கொடுத்தேன். கேட்டுக்கொண்டார். பார்த்தது என் வாயை.

"வேணாம் சார். அங்க போனா ஒருத்தனும் தமிழ் பேசமாட்டான். மனசு விட்டுப்போயிடும்" என்றார்.

நான் அவருக்குப் பயன்பட்டது செனட் விஷயத்தில். ஒருநாள் மிகுந்த கவலையோடு வந்தார். "ஒரு படைத்தலைவனைக் காலி பண்ணணும் சார். கத்தி கூடாது, விஷம் கூடாது, வெறும் பேச்சு. உங்க ஆபீஸ்ல எப்டி பண்ணுவீங்க?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவரை ஒழிக்க வேண்டுமென்றால் அவர் கோரிக்கையை ஒருபோதும் மறுக்கக் கூடாது, மறுத்தால் மேல்முறையீடு வரும் என்று ஆரம்பித்தேன். கூடுதல் விவரம் கேட்க வேண்டும். விவரம் வந்தால் முன்னுதாரணம் கேட்க வேண்டும். முன்னுதாரணம் வந்தால், அந்த முன்னுதாரணம் இதற்குப் பொருந்துமா என்று இன்னொரு துறையின் கருத்தைக் கேட்க வேண்டும். அதற்குள் மனிதர் ஓய்வு பெற்றுவிடுவார், அல்லது செத்துவிடுவார்.

அவர் என் உதட்டிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.

அந்தப் படத்தை நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பனி கொட்டும் எல்லையில் பட்டாளம் பட்டினி கிடக்கிறது. தூதுவன் மூச்சிரைக்க வந்து தானியம் கேட்கிறான். தாடிக்காரச் செனட்டர் ஒருவர் எழுந்து, துணியைத் தோளில் சரிசெய்துகொண்டு, "படைத்தலைவரின் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இதற்கு முன்னுதாரணம் இருப்பின் இணைத்து அனுப்புக" என்கிறார். என் குரல் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் முதுகெலும்பு என்னுடையது. பணிக்காலம் முழுவதும் நான் எழுதிய எந்தக் குறிப்பையும் இத்தனை பேர் ஒரே நேரத்தில் படித்ததில்லை. அன்று மாலை கோயில் பக்கம் போனபோது கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

இந்த இடத்தில் அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டுக்கு நான் ஒரே ஒருமுறை போனேன், ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாம் மாடி. அந்த அம்மாள் கதவைத் திறந்து தலையசைத்தார். காபியா என்பதற்குக் கையால் டம்ளர் காட்டினார். தங்கையோடோ யாரோடோ போனில் பேசும்போது பால்கனிக்குப் போய், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பேசினார். பல் வலியோ என்று நினைத்தேன். இவர் தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கிய நேரத்தில், தலைப்பை எடுத்துவிட்டுத் தணிந்த குரலில் என்னிடம் சொன்னார்:

"இவர் முன்னாடி எதுவும் பேசிடாதீங்க சார். எங்கப்பாவுக்கும் எனக்கும் நடந்த சண்டை ஒரு சிங்கம் வர்ற படத்துல இருக்கு. எங்கண்ணன் பார்த்துட்டு இன்னும் வீட்டு வாசப்படி மிதிக்கல."

நான் சிரித்தேன். குடும்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று ஏதோ சொன்னேன். பல ஆண்டு கழித்து, அவர் இறந்த பிறகு துக்கம் விசாரிக்கப் போனபோது, அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து, வாயை மூடாமல், வெயில் தாழும் வரை பேசிக்கொண்டே இருந்தார். கணவர் போன துக்கம் முகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அப்படிப் பேச ஆசைப்பட்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் மனைவி நோயில் கிடந்துதான் போனாள். கடைசி மாதங்களில் அவள் தூங்கவே இல்லை. வலி, இருமல், வலி. எங்கள் பெண் கோட்டூர்புரத்திலிருந்து தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எல்லாம் முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமை தோறும் ஆபீஸ் விட்டு நேரே என்னிடம் வந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்:

"அம்மா போனப்போ எனக்கு அழுகையே வரலப்பா. அப்பாடா, இனிமேலாவது அம்மா தூங்கட்டும்னுதான் தோணித்து. நான் மனுஷியா?"

எந்த மனுவுக்கும் பதில் எழுதத் தெரிந்தவன். அவளுக்குச் சொல்ல ஒரு வரி இல்லை. தோசைக்கு மாவு இருக்கிறது என்றேன். அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பெஞ்சில் அதை அவரிடம் சொன்னேன். வம்புக்காகச் சொல்லவில்லை. பேச்சே தொழிலாக வைத்திருப்பவர், ஒரு வழி சொல்வார் என்றுதான். "குழந்தை இப்படிக் கேட்டா. நான் என்ன பதில் சொல்லியிருக்கணும், சொல்லுங்கோ."

அவர் என் தோளில் கைவைத்தார். அதுவரை அப்படித் தொட்டதில்லை. "வெளிய போகாது சார். என் காதோட சரி" என்றார். நான் கேட்காமலே சொன்னார். பிறகு, "பதில்தானே? யோசிச்சு சொல்றேன்" என்றார்.

யோசிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இடையில் ஒன்றிரண்டு முறை நினைவூட்டினேன். "வந்துக்கினே இருக்குது சார்" என்றார்.

அடுத்த கோடையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய புதுப் படம் ஒன்று போடப் போவதாகச் சொன்னார். "செனட் சீன் நிறைய இருக்கு சார். பூரா உங்க கைங்கரியம்தான்." எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாப்பிட வரச் சொன்னேன். வடை தட்டச் சொல்லிச் சமையல்கார மாமியையும் வரவழைத்தேன். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. "மாமா, உங்க பேரும் போடுவாளா?" என்று கேட்டான். "அதெல்லாம் நமக்கெதுக்கு" என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

செனட் காட்சிகள் நன்றாகவே வந்திருந்தன. "அப்பா, இது நீயேதான்" என்று பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு, எல்லைப் போர் முடிந்து படைத்தலைவன் வீட்டுக்குத் திரும்புகிறான். அவன் இல்லாதபோது மனைவி இறந்திருக்கிறாள். தூணுக்குப் பக்கத்தில் மகள் நிற்கிறாள். காமிரா அவள் முகத்துக்குப் போகிறது. திரை முழுக்க முகம்.

"அம்மா போனபோது எனக்கு அழுகையே வரவில்லை, அப்பா. அப்பாடா, இனிமேலாவது அம்மா தூங்கட்டும் என்றுதான் தோன்றியது. நான் மனுஷியா?"

உதடு ஒவ்வொரு இடத்திலும் ஒட்டியது. இம்மி பிசகவில்லை.

என் பெண்ணின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. தட்டில் வடை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பிரமாதமா எழுதியிருக்கார் மாமா" என்றான் மாப்பிள்ளை. அவனுக்கு எதுவும் தெரியாது. அவனிடம்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா. நன்னா எழுதியிருக்கார்" என்றாள் அவள். எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. வந்து, "நாழியாச்சுப்பா, கெளம்பறோம்" என்றாள். மாப்பிள்ளை வண்டியை எடுக்கப் போனபோது, மாடிப்படியில் என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் ஏதாவது விளக்கம் சமர்ப்பித்திருப்பேன்.

"உன்கிட்ட மட்டும்தாம்ப்பா சொன்னேன்" என்றாள்.

மறுநாள் பூங்கா திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன். அவர் வழக்கம் போலக் கையை வீசிக்கொண்டு வந்தார்.

"என் காதோட சரின்னேளே" என்றேன்.

அவர் தடுமாறவில்லை. தப்புச் செய்தவனின் முகமே அது இல்லை. "க்ளோசப் சார். மூஞ்சி பூரா உதடு. வெள்ளக்காரி என்னமோ சொல்லுது, தமிழ்ல எதைப் போட்டாலும் ஒட்ட மாட்டேங்குது. டப்பிங் டைரக்டர் திட்டறான். அப்புறம் உங்க பொண்ணு சொன்னதை வெச்சுப் பார்த்தேன். 'அம்மா'ல ஒரு மூடல், 'போன'ல ஒண்ணு, அந்த 'அப்பாடா' இருக்கு பாருங்க, அந்த இடத்துல அவ கரெக்டா உதட்டைக் கடிக்கிறா. தச்ச சட்டை மாதிரி உக்காந்துச்சு சார்."

"அது என் பொண்ணு."

"உங்க பொண்ணு பேரைப் போட்டேனா? உங்க பேரைப் போட்டேனா? அவ ரோமாபுரிப் பொண்ணு சார். யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும்."

நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வழிமுறைகளை எல்லாம் மனத்துக்குள் புரட்டிப் பார்த்திருந்தேன். அவதூறு ஆகாது, பெயர் இல்லை. பதிப்புரிமை ஆகாது, துணி மடிக்கும்போது சொன்னதற்கு உரிமை கோர முடியாது. தொலைக்காட்சிக்குப் புகார் எழுதலாம், ஆனால் எதைக் குறிப்பிட்டு எழுதுவது? எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் என்ன கொடுக்க வேண்டும் என்று ஊருக்கே சொன்னவனுக்கு, போய் நிற்க ஒரு ஜன்னல் இல்லை.

கடைசியில், என்னை அறியாமல், எனக்கே வெட்கமாக இருக்கும் ஒரு கேள்வியைக் கேட்டேன். "ஒரு பதில் யோசிச்சு சொல்றேன்னேளே. அது என்ன ஆச்சு?"

"எது சார்?"

"அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில்."

"ஓ, அதுவா" என்றார். நிஜமாகவே அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "அந்த இடத்துல தலைவன் பேச மாட்டான் சார். அப்படியே திரும்பிப் போயிடுவான். அதனால தேவைப்படல."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரு அடி கிட்டே வந்தார். குரலில் அக்கறை இருந்தது. உண்மையான அக்கறை, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. "டப்பிங் குடுத்த பொண்ணே மைக் முன்னாடி அழுதுடுச்சு சார். உங்க பொண்ணும் பார்த்துச்சா? பார்த்துட்டு என்ன சொல்லிச்சு?"

பார்வை என் வாயில் இருந்தது. நான் வாயை இறுக மூடிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அதன்பின் நடையைச் சாந்தோம் பக்கம் மாற்றிக்கொண்டேன். எப்போதாவது மாட வீதியில் எதிர்ப்படுவார், தலையசைப்பார், நானும் அசைப்பேன். அவர் இறந்தபோது ஆட்டோ ஸ்டாண்டில் படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வசனம் சொல்லி, இது என்னுது, அது உன்னுது என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். "சார், உங்க டயலாக்கு எது?" என்று ஓட்டுநர் என்னைக் கேட்டார். அதில் சொல்லிக்கொள்கிற மாதிரி எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

பெண் வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல. வந்து மாத்திரை டப்பாவைப் பார்ப்பாள், ஃப்ரிட்ஜைத் துடைப்பாள், மத்திய கைலாஷ் சிக்னலில் நின்ற நேரத்தைப் பற்றிச் சொல்வாள். யார் கேட்டாலும் பாதகமில்லாத பேச்சு.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில் வந்தாள். கையில் பெட்டி. துணிப் பை ஒன்று, ஆபீஸ் லேப்டாப் ஒன்று.

"நாலு நாள் இங்க இருக்கேம்ப்பா. ஆத்துல பெயிண்ட் அடிக்கறா. வாசனை தலைவலிக்கறது."

ஐப்பசி மழையில் சென்னையில் யாரும் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை. காயாது, பூத்துப்போகும். இது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் நின்றாள். கழுத்தில் வழக்கமாகப் போடும் சங்கிலி இல்லை. கண் இமை வீங்கியிருந்தது.

"மாப்பிள்ளை எங்கே இருக்கார்?" என்றேன்.

"அங்கதான். பெயிண்டரைப் பாத்துக்கணுமே."

"என்னம்மா ஆச்சு?"

அவள் திரும்பினாள். வாய் கொஞ்சம் திறந்தது. என்னைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். பிறகு துண்டை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டு, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஒண்ணும் ஆகலையேப்பா. காபி இருக்கா?"

இருக்கிறது என்றேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்கும் வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். உள்ளறையில் அவள் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. நாலு நாளைக்கு வேண்டியதைவிட அதிகமாகவே அதிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

"பெயிண்ட் காயறதுக்கு எத்தனை நாளாகும்னு சொன்னா?" என்று இங்கிருந்தே கேட்டேன்.

"தெரியலப்பா" என்றாள்.